இன்னும் நீக்காத நாலு பேர்

அத்தியாயம் 9

மெயின் சுவிட்சைக் கீழே இழுத்த கை இன்னும் அதன் மேலேயே இருந்தது. எடுத்தால் உள்ளேயிருந்து ஏதோ பாய்ந்துவிடும் என்பதுபோல நித்தியா அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் மின்விசிறி சுற்றிச் சுற்றிச் சோர்ந்து ஓய்ந்தது. டிவியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் அடங்கிப்போனார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி சோபாவில் சாய்ந்திருந்த அப்பா உமாபதி குரல் கொடுத்தார்.

"கரண்டு போச்சா?"

"ஆமாப்பா."

பொய்க்கு ஆயுசு கம்மி. பக்கத்து வீட்டுத் தாயம்மா அந்த நேரம் பார்த்துத்தான் சட்டினி அரைக்க பிளெண்டரைப் போட வேண்டுமா? வேலி தாண்டி அது கடகடவென்று ஓடியது. அப்பா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அவங்க வீட்டுக்கு மட்டும் தனிக் கம்பியா என்று கேட்டார். நம்ம வீட்டில் டிரிப் ஆகியிருக்கும், பார்க்கிறேன் என்றாள் நித்தியா. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது வந்து பக்கத்தில் நின்றுகொண்டது.

நடந்தது இவ்வளவுதான். கணக்குப் பாடத்தின் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு, அவள் ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஈரம். மவுஸ் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

முதலில் பழத்தின் சாறு எங்காவது பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அது வழி தெரிந்து நகர்ந்தது. தெரியாத வீட்டில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர்போல, நின்று நின்று, யோசித்து யோசித்துப் போனது. கேள்வித்தாளை மூடியது. 'பிரேமலா' என்ற ஃபோல்டரைத் திறந்தது. அதற்குள் 'ஆபீஸ்' என்பதைத் திறந்தது. நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக விரிந்தன. அம்பு ஒரு பெயரின் மேல் போய் உட்கார்ந்தது.

அதற்குமேல் நித்தியா பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் பட்டனோ சுவரிலிருந்த பிளக்கோ ஞாபகத்துக்கு வரவில்லை. பின்கட்டுக்கு ஓடி வீட்டின் மொத்த உயிரையும் பிடித்து இழுத்துவிட்டாள்.

பேயாக இருந்திருந்தால் தேவலை. பேய்க்குத் தாயம்மாவிடம் ஒரு தாயத்து கிடைக்கும். இது பேய் இல்லை என்பதும், இது எந்தக் கதவு வழியாக வந்தது என்பதும் அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

கதவைத் திறந்து வைத்தவள் அவள்தான்.

*

செம்பனைக் குலை ஏற்றும்போது லோரியிலிருந்து விழுந்து அப்பா காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து இந்த வீட்டின் தூண் அக்கா பிரேமலா. ரவாங்கில் ஒரு கிளினிக்கின் அலுவலகத்தில் நோயாளிகளின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிற வேலை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டதில், பாதி நாள் புக்கிட் ரோத்தான் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மேனேஜர் மேடம் இறங்கி வந்தார். ஒரே நிபந்தனை. நோயாளி விவரம் எதையும் தம்ப்டிரைவில் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது. ரவாங்கிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கிற பாதுகாப்பான சாஃப்ட்வேர் ஒன்றைப் போட வேண்டும். பாஸ்வர்டு தவிர இரண்டாவது பூட்டு ஒன்றும் அதில் இருக்க வேண்டும்.

எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அக்கா தங்கையிடம் கொடுத்தாள். பதினேழு வயசுக்கு அது பெரிய கௌரவம். நித்தியா எஸ்.பி.எம். பரீட்சைப் பாடத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று மாதாமாதம் கட்டணம் கேட்டது. இன்னொன்று இலவசம், ஆனால் யார் என்ன என்று கேட்காமல் எண்ணைக் கொடுத்தவனையெல்லாம் உள்ளே விட்டது. மூன்றாவது கொஞ்சம் கறார். ஒவ்வொரு முறையும் போனுக்கு ஒரு கோடு எண் அனுப்பி, அதைச் சொன்னால்தான் வழிவிடும். அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாள்.

தப்பு அதற்கப்புறம் வந்தது.

கிளினிக்கில் வேலை மேசையில் அக்கா தன் போனை வைத்துக்கொள்ளக் கூடாது, ஆபீஸ் போன்தான். நித்தியா பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அம்மா அம்சவள்ளியின் போன் பாதி நேரம் அரிசி டின்மேல் கிடக்கும். வீட்டோடு இருக்கிறவர் அப்பாதானே என்று அவர் நம்பரையே கொடுத்து வைத்தாள். அக்கா ரவாங்கிலிருந்து திறக்கும்போதெல்லாம் அப்பா கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி கிடைத்தால் போனைத் தேடுவார். இரண்டும் கிடைத்து, கோடு எண்களை ஒவ்வொன்றாக ஆபீஸ் போனில் அக்காவுக்கு உரக்க வாசித்து முடிக்கும்போது அது காலாவதி ஆகியிருக்கும். ஒரு நாள் அக்கா வேலையில் திட்டு வாங்கினாள். இன்னொரு நாள் அப்பா, எனக்கு என்ன தபால் ஆபீஸ் வேலையா என்று போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார். நித்தியா பேசாமல் அந்த இரண்டாவது பூட்டை எடுத்துவிட்டாள். பாஸ்வர்டு மட்டும் போதும் என்று மாற்றினாள்.

எப்படி இவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்று அக்கா கேட்டபோது, ஒரு தடவை தெரிந்துகொண்டால் அடுத்த தடவை அது கேட்காது, பூட்டு இருக்கத்தான் செய்கிறது என்று சொல்லிவைத்தாள். தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று அக்கா நம்பினாள்.

பாஸ்வர்டு, அப்பாவின் லோரி நம்பர்.

அந்த லோரி இப்போதும் வாசலில்தான் நின்றது. பின்பலகையில் முழ நீளத்துக்கு மஞ்சள் பெயிண்டில் நம்பர்.

*

அண்ணன் கோகிலன் ரவாங் ஃபேக்டரியில் சனிக்கிழமை ஷிஃப்டில் இருந்தான். மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தான். நித்தியா குளியலறைக்குள் நின்று, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"அண்ணே, நீயா உள்ள வந்தே?"

"எங்க வந்தேன்? கையெல்லாம் கிரீஸ் லா இங்க. என்னா விசயம்?"

சொன்னாள். பூட்டை எடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள். கோகிலன் உடனே கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெஷின் சத்தத்திலிருந்து விலகி நடப்பது மட்டும் கேட்டது. முதலில் மோடத்தின் பின்னாலிருக்கிற வயரைப் பிடுங்கு, அப்புறம் கரண்டைப் போடு, லைன் இல்லாவிட்டால் யாராலும் வர முடியாது, அந்த சாஃப்ட்வேரிலேயே யார் யார் வந்தார்கள் என்ற விவரம் இருக்கும், அதைப் பார் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு கேட்டான்.

"லோரி நம்பரு ஊருக்கே தெரியும். ஆனா அந்த கம்ப்யூட்டரோட ஐடி வெளியாளுக்கு எப்படித் தெரியும்? யாருக்கு அனுப்புன?"

"ஒனக்குத்தான். கம்ப்யூட்டர் ஆமையா நகருது, அங்கேருந்து க்ளீன் பண்ணித் தர்றேன்னியே."

"எனக்குத் தனியாவா அனுப்புன?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் தனியாக யாருக்கும் எதையும் அனுப்பிப் பழக்கமில்லை. மீன்காரர் வந்தாலும் குரூப், பஸ் தவறினாலும் குரூப், அப்பாவுக்கு மலச்சிக்கல் தீர்ந்தாலும் குரூப். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு காலில் மட்டும் சப்பாத்து மாட்டிக்கொண்டு, ஐடியையும் பாஸ்வர்டையும் அவள் 'உமாபதி இல்லம்' குரூப்பில்தான் போட்டாள். அம்மா அதற்குக் கீழே கும்பிடும் கை ஒன்று போட்டிருந்தாள். என்ன செய்தி என்று பார்க்காமலேயே போடுவது அம்மாவின் வழக்கம்.

"குரூப்ல யாரு யாரு இருக்கான்னு ஒரு தடவ பாரு, நித்தி," என்றான் கோகிலன். குரல் தணிந்திருந்தது. அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அவள் பார்த்தாள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, அவள். அதற்குக் கீழே இன்னும் நாலு பேர். விசுவலிங்கம் அங்கிள். பராசக்தி ஆன்ட்டி. குமுதினி. சாந்தன்.

செய்தியைப் படித்தவர்கள் யார் என்று அழுத்திப் பார்த்தாள். நாலு பேரும் படித்திருந்தார்கள்.

*

சாந்தனோடு பிரேமலாவுக்குத் தட்டு மாற்றியதும், தட்டு திரும்பிப் போனதும் புக்கிட் ரோத்தானிலிருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் தெரிந்த கதை. திரும்பிப் போன காரணம்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

சாந்தன் குடிக்கவில்லை. இன்னொருத்தியோடு சுற்றவில்லை. நல்ல படிப்பு, நல்ல வேலை. அக்காவின் போனைத் திறக்கிற நம்பரைக் கேட்டான், அவ்வளவுதான். கட்டிக்கப்போறவனிடம் என்ன ஒளிவு என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அடுத்த வாரம் சிரிக்காமல் கேட்டான். அப்புறம் தினமும் கேட்டான். ஒரு நாள் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது பிரேமலா சொன்னாள்: "ஒளிக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆனா தொறக்குறது என் கையிதான்."

ஒரு போன் நம்பருக்காகவா நிச்சயத்தை முறிப்பாள் ஒருத்தி என்று கேட்காத சொந்தம் இல்லை. அப்பாவால் இன்னும் தாங்க முடியவில்லை. சாந்தனின் அப்பா விசுவலிங்கத்தின் தகப்பனார் அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி, கூலிக் கணக்கு எழுதுகிறவர். அதே தோட்டத்தில் அப்பாவின் தகப்பனார் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. கிராணி வீட்டில் சம்பந்தம் என்று அப்பா சொல்லும்போதே மீசை ஒரு அங்குலம் தூக்கிக்கொள்ளும். நிச்சயத்தன்று அந்த வீட்டு நாலு பேரையும் குரூப்பில் சேர்த்தது அவர் கையால்தான். இன்றுவரை நீக்காததும் அவர்தான்.

நித்தியா வயரைப் பிடுங்கினாள். மெயினை மேலே தூக்கினாள். கூடத்தில் டிவி உயிர் பெற்றது. அப்பா, ஆங், வந்துருச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்தது. வந்து போனவர்கள் விவரம், சாஃப்ட்வேரின் ஒரு மூலையில் இருந்தது. அக்காவின் அலுவலகக் கம்ப்யூட்டர் பெயர். அடுத்தும் அதே பெயர். நடுவில் ஒன்று, ஆங்கில எழுத்தில்: விசுவலிங்கம் ஹோம். அப்புறம் மறுபடி அக்கா. மறுபடி விசுவலிங்கம் ஹோம். கீழே போகப் போக அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. கூடத்து சோபாவில் கிடக்கும் அப்பாவைத் தவிர வீட்டில் ஆள் இல்லாத நேரங்கள் எல்லாம். இன்றைக்கு அம்மா வெளியே, பிரேமலா ரவாங்கில். நித்தியா கேள்வித்தாளோடு உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் கணக்கில் வராதது.

கடைசியாகத் திறந்த ஃபைல்கள் எவை என்று பார்த்தாள். நிச்சயதார்த்தப் படங்கள். அக்கா பட்டுச்சேலையில், தட்டைக் கையில் வாங்கும்போது சிரித்த படம் திரும்பத் திரும்பத் திறக்கப்பட்டிருந்தது. இன்றைக்கு நடந்ததற்கு மட்டும் ஒரு குறிப்பும் இல்லை. கம்ப்யூட்டர் அதை எழுதி வைப்பதற்குள் இவள் மெயினை இழுத்துவிட்டிருந்தாள்.

எந்த வீட்டுக்கு ஒரு நம்பரைக் கொடுக்க மாட்டேன் என்று அக்கா கல்யாணத்தையே தூக்கி எறிந்தாளோ, அந்த வீட்டுக்கு இவள் மொத்தக் கதவையும் கழற்றி அனுப்பியிருக்கிறாள்.

*

அம்மா சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீனோடு வந்து, பின்கட்டில் உட்கார்ந்து செதில் உரித்தாள். நித்தியா அருகில் குந்தினாள். அந்த நாலு பேரையும் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று, சும்மா கேட்கிறவள்போலக் கேட்டாள்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "எடுத்தா எடுத்துட்டாங்கன்னு அங்க காட்டும்ல. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் இன்னும் வாயால முடிஞ்சிச்சின்னு சொல்லல. நம்ம வெரலால சொன்ன மாதிரி ஆயிடும்."

"அக்கா சொல்லிட்டாளே மா."

"அவ சொல்லிட்டா. ஒங்கப்பா சொல்லலையே."

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. காலில்தான் கட்டு, காதில் இல்லை. "நம்ம நீக்குனா நம்ம முறிச்சதா ஆயிடும். கிராணி வூட்டு ஆளுங்க அவங்க. மருவாதியா அவங்களே போவட்டும்."

அம்மா மீனைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, பராசக்தி பாவம், போன வாரம்கூடப் போன் பண்ணி நிச்சயத்துப் படங்களைக் கேட்டது, எல்லாம் எங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு, எனக்கு அனுப்பத் தெரியாது என்று சொன்னேன் என்றாள்.

நித்தியா மீனையே பார்த்தாள். அப்படியானால் அந்தச் சிரித்த படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தது, மருமகளாக வராமல் போனவளைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தாயாக இருக்குமோ? இருக்கலாம். ஆனால் பராசக்தி ஆன்ட்டிக்கு வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்பவே மகள் குமுதினியின் துணை வேண்டும். 'ஆபீஸ்' ஃபோல்டருக்குள் போக அந்த அம்மாவுக்கு என்ன வேலை? அந்த வீட்டில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்காருகிறவர்கள் நாலு பேர்.

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒரு யோசனை மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வயரைச் செருகி, பாஸ்வர்டை மாற்றி, இரண்டாவது பூட்டைப் போட்டுவிட்டால் போதும். அந்த விவரப் பட்டியலை அழித்துவிடலாம். கோகிலன் அண்ணன் காட்டிக்கொடுக்க மாட்டான். பூட்டு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இருக்கிறது என்பது அதற்கப்புறம் உண்மைதானே.

அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. விரல் மவுஸின் மேல் இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

*

பிரேமலா மெதுவாகப் பேசினாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது, பிரிண்டர் ஓடியது. இன்றைக்குத்தான் அவளுடைய சோதனைக் காலம் முடிகிற நாள். உள்ளே கூப்பிடப் போகிறார்கள். நிரந்தரமா, இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, ஒரு மைலோ மட்டும் குடித்தேன் என்றாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"வீட்டு கம்ப்யூட்டரப் பத்திக் கேப்பாங்க, நித்தி. ரெண்டாவது பூட்டு இருக்குல்ல? நீ போட்டா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் ஒன் வாயால கேட்டுட்டுப் போனா எனக்குத் தைரியமா இருக்கும்."

திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. அழிக்கவா?

நித்தியாவின் தொண்டையில் ஆமாம் என்ற வார்த்தை தயாராக இருந்தது. காலையிலிருந்து அது எத்தனை முறை சுலபமாக வந்திருக்கிறது. அக்கா காத்திருந்தாள். நம்பிக் காத்திருக்கிறவளின் மூச்சு போனில் கேட்டது.

"இல்லக்கா."

"என்னா இல்ல?"

"பூட்டு இல்ல. நான்தான் எடுத்துட்டேன். அப்பாவால கோடு சொல்ல முடியல, நீ திட்டு வாங்குன... ஒங்கிட்ட இருக்குன்னு பொய் சொன்னேன்."

பிரிண்டர் ஓடி முடித்தது. யாராவது வந்தார்களா என்று கேட்டாள் பிரேமலா. வந்தார்கள் என்றாள் நித்தியா. யாரென்று தெரியுமா என்றாள் அக்கா. திரையில் இருந்த பெயரை நித்தியா வாசித்தாள். அது எப்படி அந்த வீட்டுக்குப் போனது என்பதையும், குரூப்பையும், லோரி நம்பரையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் முன்னைவிடக் கேவலமாகக் கேட்டது.

அக்கா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு நம்பரக் குடுக்க மாட்டேன்னுதானே டி நான்..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ கதவைத் திறந்து அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பிரேமலா ஒரு நிமிஷம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். திரும்பி வந்தபோது அவள் குரலில் அழுகை இல்லை. அது வேலைக்குப் போகிற பிரேமலாவின் குரல்.

"இங்க நான் உண்மையச் சொல்லத்தான் போறேன். வேல இருக்கோ போவுதோ, அது அப்புறம். என் நிச்சயப் படத்தப் பாத்தா பாத்துட்டுப் போறாங்க. ஆனா அந்த பேஷண்டுங்க பேர் எல்லாம் என்னை நம்பிக் குடுத்தது. நீ கண்ணால பாத்தவ. ஒன்ன மட்டும்தான் கேக்க முடியும்."

நித்தியா கண்ணை மூடினாள். அம்பு நகர்ந்தது. ஃபோல்டர் விரிந்தது. ஒரு பெயரின் மேல் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பின்கட்டு, மெயின் சுவிட்ச், தன் கை.

"சொல்லு, நித்தி," என்றாள் பிரேமலா. "அந்த ஃபைலத் தொறந்தாங்களா, இல்லையா?"